4×8 டிரெய்லரில் இருவர் படுக்கும் கேபின்: 474 கிலோ கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

பாகான்வாசி (பட்டர்வொர்த்) எழுதியது:

வணக்கம். சாமான் ஏற்றும் 4×8 அடி டிரெய்லர் சேஸி ஒன்று கைவசம் இருக்கிறது. அதன்மேல் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஒரு கேபின் கட்ட வரைபடம் போட்டிருக்கிறேன். பலகையில் ரம்பம் வைக்குமுன் விஷயம் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

சேஸி: தளம் 2.44 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம், சக்கரங்கள் தளத்துக்கு வெளியே. தளத்தின் முன்விளிம்பிலிருந்து அச்சு 1.34 மீட்டரில் இருக்கிறது. இழுகம்பி முன்விளிம்பைத் தாண்டி 1.10 மீட்டர் நீள்கிறது. ஆக, கப்ளரிலிருந்து (காரின் பந்தில் மாட்டும் முனை) அச்சு வரை 2.44 மீட்டர். வெறும் சேஸி 135 கிலோ, அதில் கப்ளர் முனையில் 12 கிலோ. டிரெய்லரில் பிரேக் இல்லை. பிரேக் இல்லாத டிரெய்லர் 500 கிலோ வரை, டோபார் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கம்பி) மேல் பாரம் 50 கிலோ வரை என்று காரின் கையேடு சொல்கிறது.

கேபின்: சுவர், கூரை, தரை எல்லாமே 12 மிமீ மெரந்தி பிளைவுட். உள்ளே 2×2 அங்குல மெரந்திச் சட்டம், சுமார் 40 மீட்டர். பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கதவு, அதற்குள் 45 செமீ ஆழத்தில் சமையல் அலமாரி. 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, கேஸ் அடுப்பு மூன்றும் அங்கேயே. முன்சுவரில் ஒரு சிறிய ஜன்னல் ஏசி.

எடை: பக்கச் சுவர் இரண்டும் 5 சதுர மீட்டர், முன்-பின்-கூரை 5.5, தரை 3. பிளைவுட் மொத்தம் 89 கிலோ. சட்டம் 60. கதவு, ஜன்னல், கீல் 15. மெத்தை 12. அலமாரி 25, தண்ணீர் 40, பேட்டரி 28, அடுப்பும் பாத்திரமும் 15, ஏசி 25, துணிமணி 30. சேஸியோடு சேர்த்து 474 கிலோ.

500-க்குள் வருவதால் இது போதுமா? ஏசி பேட்டரியில் ஓடுமா? அமெரிக்காக்காரர்கள் போடும் டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவக் குட்டி கேபின்) வரைபடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? வெறும் ஃபோமில் கட்டித் துணி ஒட்டுகிறார்களே, அது நம் ஊருக்கு ஒத்துவருமா? பெரும்பாலும் பினாங்குப் பாலம் தாண்டி தெலுக் பகாங் பக்கம் போவோம், எப்போதாவது சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை.


அச்சாணி (கோலாலம்பூர்) எழுதியது:

தம்பி, அளவெல்லாம் இவ்வளவு சுத்தமாகக் கொடுத்திருப்பதால் பதிலும் கணக்காகவே சொல்லிவிடலாம். 474 என்ற மொத்தத்தைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் வரைபடத்தின் பெரிய கோளாறு.

கப்ளர் டோபாரை அழுத்தும் பாரத்தை மூக்குப் பாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளின் எடையையும் அது அச்சுக்கு எத்தனை மீட்டர் முன்னால் இருக்கிறதோ அதனால் பெருக்கி 2.44 ஆல் வகுத்தால், அந்தப் பொருள் மூக்கில் கூட்டும் பாரம் வரும். அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதே அளவு கழியும்.

உங்கள் சேஸி 12 கிலோ தருகிறது. பிளைவுட், சட்டம், கதவு, மெத்தை எல்லாம் சேர்ந்து 176 கிலோ. அதன் நடுப்புள்ளி அச்சுக்கு வெறும் 12 செமீ முன்னால் விழுவதால் கிடைப்பது 8.7. துணிமணியை நடுவில் வைத்தால் 1.5. முன்சுவர் ஏசி 13.3. ஆக 35.5. இப்போது பின் அலமாரிக்கு வாருங்கள். அலமாரி, தண்ணீர், பேட்டரி, அடுப்பு 108 கிலோ. அதன் நடு அச்சுக்கு 88 செமீ பின்னால். 108-ஐ 0.88 ஆல் பெருக்கி 2.44 ஆல் வகுத்தால் 39. மிச்சம் மைனஸ் 3.5. அதாவது தண்ணீர் நிரம்பியிருக்கும்போது உங்கள் டிரெய்லர் டோபாரை அழுத்தாது, மேலே தூக்கும். தண்ணீர் தீர்ந்ததும் 11 கிலோ அழுத்தும். ஒரே பயணத்துக்குள் வண்டியின் குணம் மாறிவிடும்.

இந்த மாதிரி கட்டுமானத்துக்கு மொத்த எடையில் 10 முதல் 12 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும். அது குறையக் குறைய டிரெய்லர் வால் ஆட்டும். பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதோ, லோரி உரசுகிற மாதிரி முந்திப்போகும்போதோ ஆட்டம் ஆரம்பிக்கும். வேகம் கூடினால் ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகும். அப்படி ஆனால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆட்டத்தை எதிர்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். ஆனால் சாலையில் இதைச் செய்ய வேண்டிய நிலை வராமல் பட்டறையிலேயே தீர்க்க வேண்டிய விஷயம் இது.

மொத்தத்துக்கும் வருகிறேன். 474-இல் பசை, சீலண்ட், பெயிண்ட், ஆணி எதுவும் இல்லை. அதற்கே 15, 20 கிலோ போகும். மெரந்திச் சட்டம் கடையில் காயாமல் வந்தால் இன்னும் கூடும். 500 என்ற எல்லையை உரசிக்கொண்டு சிம்பாங் பூலாய் ஏறுவதும், அதைவிட முக்கியமாக இறங்குவதும் நல்லதல்ல. டிரெய்லரில் பிரேக் இல்லை, நிறுத்துவது முழுக்க காரின் வேலை. 350-ஐக் குறிவையுங்கள்.

சேஸி பக்கம் சில விஷயங்கள். சக்கரம் 8 அங்குலமா? 4.80-8 டயர் மணிக்கு 90 கிமீ ஓடும்போது நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் சுற்றும். 155/80 ஆர்13 டயருக்கு அதே வேகத்தில் 830-ஐ ஒட்டித்தான் வரும். சின்னச் சக்கரத்தில் பேரிங் சூடாவதற்கு அதுவே காரணம். ஹப்பும் இடைவெளியும் ஒத்துவந்தால் 13-க்கு மாறுங்கள். முடியாவிட்டால் கிரீஸைப் புதிதாக அடைத்து, முதல் 20 கிமீ ஓடியதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட் அதிகம் இறுகியிருக்கிறது. இலை ஸ்பிரிங் கனமான சாமானுக்குச் செய்ததாக இருந்தால் 350 கிலோவுக்கு வளையவே வளையாது. குலுக்கல் முழுவதும் கேபின் மூட்டுகளுக்குப் போய் சீலண்ட் பிய்ந்துவிடும். ஓர் இலையைக் கழற்றிப் பாருங்கள், டயர் காற்றையும் உண்மையான பாரத்துக்கு ஏற்பக் குறையுங்கள்.

அமெரிக்க வரைபடம் பற்றி. அளவுக்கும் வடிவத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று இடத்தில் கவனம். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் நடைபாதைப் பக்கக் கதவு வலது புறம் வரும். ஒரே கதவு வைப்பதாக இருந்தால் நமக்கு அது இடது புறம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாலைக்குள் இறங்குவீர்கள். அங்குள்ள சிறிய டிரெய்லர்களில் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குல, அதாவது 47.6 மிமீ பந்துக்கான கப்ளர் சகஜம். 2 அங்குலக் கப்ளர் என்றால் அது 50.8 மிமீ. நம் பக்கம் 50 மிமீ பந்து. எது எதற்கு என்று முத்திரையைப் படித்துப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் பொருந்துவது போலவே தெரியும். மூன்றாவது விளக்கு இணைப்பு. அதை மின்சாரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஜேபிஜே, அதாவது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள் டிரெய்லரும் அடங்கும். சேஸிக்குப் பதிவு ஆவணம் இருக்கிறதா, சாமான் டிரெய்லராகப் பதிந்ததன்மேல் கேபின் ஏற்ற என்ன ஒப்புதல் வேண்டும் என்று வரைபடத்தோடும் எடைக்கணக்கோடும் போய் நேரிலேயே கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டிமுடித்தபின் கேட்டால் திருத்த முடியாத இடத்தில் திருத்தச் சொல்வார்கள்.


மெரந்தி (பாலிக் பூலாவ்) எழுதியது:

அச்சாணி அண்ணன் பாரத்தைச் சொல்லிவிட்டார். நான் பலகையைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் அநாவசிய எடை பிளைவுட்டில் இல்லை, அந்த 60 கிலோ சட்டத்தில் இருக்கிறது. 12 மிமீ பிளைவுட்டுக்குப் பின்னால் 2×2 சட்டம் போடுவது வீட்டுத் தடுப்புச் சுவர் கட்டும் முறை. இங்கே சாண்ட்விச் பேனல் செய்யுங்கள்: வெளியே 5 மிமீ பிளை, நடுவில் 25 மிமீ எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம், உள்ளே 3 மிமீ பிளை, மூன்றும் முழுப்பரப்பிலும் ஒட்டியது. பசையோடும் ஓரக் கட்டைகளோடும் சதுர மீட்டருக்கு 6.4 கிலோ அளவில் வரும். உங்கள் 12 மிமீ பிளைவுட் 6.6. எடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பேனலின் விறைப்பு பல மடங்கு. சட்டமே வேண்டாம், வெயிலையும் தடுக்கும். கூரைக்கு உள்ளே 3 மிமீ பிளை, 25 மிமீ ஃபோம், மேலே 0.8 மிமீ அலுமினியத் தகடு. சதுர மீட்டருக்கு 5.3 கிலோ போல. தரைக்கு 9 மிமீ பிளை ஒரே ஷீட், 15 கிலோ. அது தொய்யாமல் இருக்க சேஸியில் குறுக்குக் கம்பி 40 செமீக்கு ஒன்று இருக்க வேண்டும்.

ஆணியோ திருகோ பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஃபோமை எடுத்துவிட்டு 25 மிமீ கட்டை வையுங்கள். கதவுச் சட்டம், கீல், கூரை விசிறியின் நாலு ஓரம், தரையோடு சுவர் சேரும் அடிவிளிம்பு. ஃபோமில் திருகு நிற்காது. கட்டை எங்கே இருக்கிறது என்று ஒட்டுமுன் வெளித்தோலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், மூடிவிட்டால் தட்டிப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

பிளைவுட் வாங்கும்போது பசை டபிள்யுபிபியா (மழையும் கொதிநீரும் தாங்குவது) என்று கேளுங்கள். எம்ஆர் (ஈரம் மட்டும் ஓரளவு தாங்குவது) என்று முத்திரை இருந்தால் அது உள்வேலைக்கு. ஒரு துண்டை வெட்டி ஓரத்தைப் பாருங்கள். நடு அடுக்கில் இடைவெளி தெரிந்தால் அந்தப் பொந்தில் தண்ணீர் ஓடி ஒரு முழம் தள்ளி உப்பும்.

ஒட்டுவதற்குப் பாலியுரித்தேன் பசை. ஒரு பக்கம் பசையைப் பல் கரண்டியால் மெல்லிதாக இழுத்து, எதிர்ப்பக்கம் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, மூடி, பரப்பு முழுவதும் பாரம் ஏற்ற வேண்டும். இந்தப் பசை நுரைத்து உப்பும். ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுவில் தொந்தி விழும். சமதளத்தில் படுக்கவைத்து மணல் மூட்டைகளை நெருக்கமாக அடுக்குங்கள். கதவுக் கடையில் தரும் டின் பசை, அதாவது மூக்கில் ஏறும் கான்டாக்ட் பசை, ஃபோமைக் கரைத்துவிடும். அதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை. படகு பழுதுபார்க்கும் இடங்களில் சுலபமாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன் எக்ஸ்பிஎஸ்ஸைக் கண்ணெதிரே குழியாக்கிவிடும். ஃபோமைத் தொடும் இடத்தில் எப்பாக்ஸி மட்டும்தான்.

ஃபோமில் துணி ஒட்டும் முறையைக் கேட்டீர்கள். 50 மிமீ எக்ஸ்பிஎஸ், மேலே கேன்வாஸ், அதை மரப்பசையில் ஊறவைத்து, அதன்மேல் வெளிச்சுவர் பெயிண்ட். சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். காய்ந்த ஊரில் அது வருடக்கணக்கில் நிற்கிறது. நம் ஊரில் பெயிண்ட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் பருத்தித் துணி ஈரம் குடித்துக் கருப்பு பூஞ்சை பிடிக்கும், பிறகு துணி முழுத்தோலாக உரியும். எடைக்காக ஃபோம்தான் வேண்டும் என்றால் சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸியும் போடுங்கள். அரை கிலோவுக்குள் ஓர் அடுக்கு முடியும், அழுக எதுவும் இல்லை.

எதில் கட்டினாலும் வெளிப்பூச்சு வெள்ளை. எக்ஸ்பிஎஸ் 75 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளக ஆரம்பிக்கும். கரும்பச்சை, சாம்பல் மாதிரி அடர்நிறம் மத்தியான வெயிலில் அந்தச் சூட்டை எட்டக்கூடியது. பேனல் அலையலையாக எழும்பினால் திரும்பப் படியாது.

இனி ஈரம். இதைத்தான் வெளிநாட்டு வரைபடங்களை நம்பிக் கட்டுபவர்கள் கவனிப்பதில்லை. குளிர்நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், அதனால் உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் போடச் சொல்வார்கள். இங்கே தலைகீழ். ராத்திரியில்கூடக் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரி அளவில் நிற்கும். உள்ளே ஏசி போட்டு 22-க்கு இறக்கினால் வெளிக்காற்றின் ஈரம் மூட்டு வழியாக உள்ளே நுழைந்து, குளிர்ந்த உட்பலகையின் முதுகில் தண்ணீராகப் படியும். உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் இருந்தால் அதற்கும் பலகைக்கும் நடுவே தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் பலகை கருக்கும். ஆகவே வெளித்தோல்தான் இறுக்கமாக இருக்க வேண்டும். உட்பக்கத்துக்குச் சாதாரண நீர்க்கலவைப் பெயிண்ட் போதும், அது மூச்சுவிடட்டும்.

மெத்தைக்கு அடியிலும் அதே கதைதான். இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரவில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேறும். மெத்தையைத் தரைப் பலகைமேல் நேராகப் போடாதீர்கள். 10 மிமீ இடைவெளி விட்டு ரீப்பர் பட்டை அடித்து அதன்மேல் போடுங்கள். உள் அகலம் 115 செமீயை ஒட்டி வரும், 107 செமீ சூப்பர் சிங்கிள் மெத்தை அப்படியே இறங்கும். இரண்டு பெரியவர்களுக்கு அது நெருக்கம், அதற்கு மேல் வேண்டுமானால் சக்கர மறைப்புக்கு மேலே தரையை உயர்த்தி 5 அடி அகலம் எடுக்க வேண்டும். உயரமும் எடையும் கூடிவிடும், நான் சொல்ல மாட்டேன்.


பன்னிரண்டு வோல்ட் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

ஏசி வேண்டாம். சிறிய ஜன்னல் ஏசி 700 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அது 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது போக 510. முக்கால் மணி நேரம்கூட ஓடாது. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அதிலேயே விழுந்துவிடும். முகாமில் 240 வோல்ட் இணைப்பு கிடைக்கும் இடத்துக்கு மட்டும் போவதாக இருந்தால் தனிக்கதை.

கூரையில் 14 அங்குலத் திறப்பில் 12 வோல்ட் விசிறி, காற்றை வெளியே தள்ளும் பக்கமாக. தலைமாட்டில் இரண்டு பக்கமும் கொசுவலை போட்ட சின்ன ஜன்னல். விசிறி இழுக்கும் காற்று முழுவதும் அந்த ஜன்னல் வழியாக முகத்தின் மேல் போகும், ஏசியை மறந்துவிடுவீர்கள். நடுவேகத்தில் 1.5 ஆம்பியர் என்றால் 8 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. எல்இடி விளக்கு 1.6, இரண்டு ஃபோன் 2.5. ஓரிரவுக்கு 16. 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 6 கிலோ அளவில்தான் இருக்கும். 80 விழுக்காடு எடுத்தாலும் இரண்டரை இரவு. 28 கிலோ ஈயத்தைச் சுமக்க அவசியமே இல்லை.

காரிலிருந்து சார்ஜ் செய்யும்போது லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காதீர்கள், நடுவே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் 10 ஆம்பியர் போதும். கம்பி 4 சதுர மிமீ. போகவர 8 மீட்டருக்கு 10 ஆம்பியரில் 0.34 வோல்ட் விழும். 2.5 போட்டால் 0.55 விழும், சார்ஜர் அடிக்கடி அணைந்து எரியும். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உரசும் கம்பியை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. இழுகம்பிமேல் பெட்டி வைத்து அதில் பேட்டரியைப் போட்டால் பெட்டியை வெள்ளையடித்து காற்றோட்டத் துளை விடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் லித்தியத்தின் ஆயுள் போகும்.

விளக்கு: அமெரிக்காவின் 4 முனை இணைப்பில் பிரேக்கும் சிக்னலும் ஒரே கம்பியில் வரும். நம் கார்களில் சிக்னல் தனி, மஞ்சள். 7 முனை போடுங்கள். எர்த் கம்பியைத் தனியாக இழுத்துவிடுங்கள். கப்ளர் பந்து வழியாக எர்த் வரும் என்று விட்டால் கிரீஸ் பூசியதும் பின்விளக்கு மங்கி, சிக்னல் போடும்போது எல்லாம் சேர்ந்து மினுக்கும்.

கேஸ் அடுப்பு கேபினுக்குள் எரியவே கூடாது, மழை கொட்டினாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, 3 கன மீட்டர் அறைக்கு அது மிக வேகமாக நிரம்பும். பியூட்டேன் டப்பாவை வெயிலில் மூடிய கேபினுக்குள் விட்டுப் போகவும் கூடாது.


பாகான்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திருத்திய கணக்கு இது. ஏசி இல்லை. சுவர் 32, கூரையும் முன்பின்னும் 29, தரை 15, கதவு ஜன்னல் 15, விசிறி 5, மெத்தை 12, பசை-சீலண்ட்-பெயிண்ட் 15. ஆக 123. பின் அலமாரியை இலகுவாக்கி 18, அடுப்பு பாத்திரம் 10. இழுகம்பிமேல் 42 செமீ ஆழப் பெட்டி, அதில் பேட்டரி 6, தண்ணீர் 20 லிட்டர் மட்டும், பெட்டி 6. துணிமணி 30. சேஸியோடு 348.

இன்னும் மூன்று சந்தேகம். இந்தச் சமநிலை சரியா? கேபினை சேஸியோடு பசை போட்டு ஒட்டலாமா, போல்ட்டா? எப்பாக்ஸி நம் ஈரக்காற்றில் வெண்மை பூத்துவிடுகிறதே, அதற்கு என்ன வழி?


அச்சாணி எழுதியது:

சேஸி 12, கேபின் 6, முன்பெட்டி அச்சுக்கு 1.55 மீட்டர் முன்னால் என்பதால் 20.3. பின் அலமாரி மைனஸ் 10.1. துணிமணியை நடுவில் வைத்தால் மொத்தம் 29.7, அது 348-க்கு 8.5 விழுக்காடு. பையை முன்முனைக்குத் தள்ளி அச்சுக்கு 90 செமீ முன்னால் கட்டினால் 39, அதாவது 11 விழுக்காடு. டோபாரின் 50-க்குள்ளும் அடங்கும். நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

தண்ணீர் தீர்ந்ததும் 12.7 கிலோ போய் 26.5-க்கு இறங்கும். திரும்புமுன் தொட்டியை நிரப்புங்கள். நிரப்ப வழியில்லையென்றால் அடுப்பையும் பாத்திரத்தையும் படுக்கையின் முன்முனைக்கு மாற்றினால் 7 கிலோ கூடி 34-க்கு வரும். அதுவே போதும்.

முன்பெட்டி போக இழுகம்பியில் 68 செமீதான் மிச்சம். காரைக் கட்டிவிட்டு முழு ஒடிப்பில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், பம்பர் பெட்டியில் இடிக்கிறதா, காரின் டிக்கி முழுதாகத் திறக்கிறதா என்று. பெட்டிக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து வைத்துப் பார்த்தால் போதும்.

இணைப்பு போல்ட்தான். எம்10, 8.8 தரம், குறைந்தது எட்டு இடத்தில். மேலே அகல வாஷர், கீழே நைலான் பூட்டு நட். ஒவ்வோர் இடத்திலும் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் பட்டை, அது இல்லாவிட்டால் மழைநீர் அந்த மெல்லிய சந்தில் தங்கி, மேலே பலகையும் கீழே கம்பியும் ஒரே நேரத்தில் போகும். ஒட்டிவிட்டால் அச்சைச் சரிபார்க்கவோ துருவைச் சுரண்டவோ கேபினைத் தூக்க முடியாது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் இழுகம்பிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கப்ளர் கழன்றால் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.


மெரந்தி எழுதியது:

எப்பாக்ஸி வேலையை விடியற்காலையில் தொடங்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மத்தியானம் கடந்து, வெப்பம் இறங்க ஆரம்பிக்கும் நேரம் சரி. பலகையும் அப்போது குளிர்ந்துகொண்டிருப்பதால் காற்றை உள்ளிழுக்கும், ரெசினும் கூடவே இறங்கும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். மெதுவான ஹார்டனர் வாங்குங்கள். 32 டிகிரியில் வேகமானது கப்பிலேயே புகைய ஆரம்பிக்கும். கலந்ததும் ஆழக் கப்பில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் வெண்மை, தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும் படலம், ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து மேலே பூப்பது. உப்புத்தாளால் தேய்த்தால் அது போகாது, பள்ளத்துக்குள் அழுந்திவிடும். முதலில் சுத்தமான தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவுங்கள், துடைத்துக் காயவிடுங்கள், பிறகுதான் உப்புத்தாள், பிறகுதான் அடுத்த பூச்சு.

ஓரம் எல்லாவற்றுக்கும் மூன்று முறை. வெட்டிய ஓரத்தில் தெரியும் மரநார் ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும், முதல் பூச்சு காய்ந்தபின் வெளிறித் தெரிந்தால் இன்னும் தாகம் தீரவில்லை என்று பொருள். திருகு இறங்கும் ஒவ்வோர் ஓட்டையையும் இரண்டு அளவு பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸியால் நிரப்பி, கெட்டியானபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். திருகு மரத்தையே தொடாது. தரையின் அடிப்பக்கத்துக்கு நீர்க்கலவை பிட்டுமென் எமல்ஷன் இரண்டு பூச்சு, போல்ட் போடுமுன்.

கூரையில் திருகே வேண்டாம். தகடு பக்கச் சுவருக்கு மேல் 3 செமீ மடிந்து இறங்கட்டும், மடிப்புக்கு அடியில் பியூட்டில் டேப், மேலே அலுமினியக் கோணப் பட்டை, அலுமினிய ரிவெட். கடற்கரைப் பக்கம் போகிறவர் நீங்கள், ஸ்டெயின்லெஸ் திருகை அலுமினியத்தில் நேராக இறக்கினால் உப்புக்காற்றில் அந்தத் துளையைச் சுற்றி வெள்ளை மாவு கக்கி அலுமினியம் அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் தவிர்க்க முடியாத இடத்தில் நைலான் வாஷரும் சீலண்ட்டும். தெலுக் பகாங் போய்வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கதவை வெட்டும்போது மூலை நான்கையும் 8 செமீ ஆரத்துக்கு வளைத்து வெட்டுங்கள். நேர்மூலையிலிருந்துதான் முதல் விரிசல் கிளம்பும். வெட்டி எடுத்த துண்டே கதவு, ரம்பத் தடத்தின் 3 மிமீ இடைவெளி ரப்பர் சீலுக்குப் போதாது என்பதால் கதவின் ஓரத்தை இன்னும் 2 மிமீ இழைத்துக்கொள்ளுங்கள்.


அச்சாணி எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன், எடை பார்க்கும் முறை. பழைய இரும்புக்கடை எடைமேடை 10, 20 கிலோ படிகளில் காட்டும், மூக்குப் பாரத்துக்கு உதவாது. வீட்டுக் குளியலறைத் தராசு போதும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கப்ளர் காரின் பந்து உயரத்தில் நிற்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டித் தராசின் மேல் நிறுத்தி அதில் கப்ளரை இறக்குங்கள். உயரம் முக்கியம், மூக்கு தூக்கி நின்றால் தராசு குறைத்துக் காட்டும். தரை பொருத்தியதும் ஒருமுறை, சுவர் நின்றதும் ஒருமுறை, கூரை போட்டதும் ஒருமுறை எடுத்துக் காகிதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். சுவர் நின்ற கட்டத்திலேயே எதிர்பார்த்ததைவிட 3 கிலோ குறைகிறது என்றால் பின் அலமாரியின் ஆழத்தை 45-லிருந்து 35 செமீ ஆக்க அப்போதுகூட நேரம் இருக்கும்.